ஆறு மணி நேரமும் அதற்குப் பிறகும்: கண் கொடுக்கும் வீட்டுக்கும் கண் பெறும் வீட்டுக்கும்

அப்பா இறந்தது ஒரு மார்கழி விடியற்காலையில், 4:40 மணிக்கு. பெரம்பூரில் எங்கள் வீட்டில், தூக்கத்திலேயே. அவர் கையெழுத்துப் போட்டு வைத்திருந்த கண்தான அட்டை, பீரோவில் எல்.ஐ.சி. பத்திரங்களுக்கு நடுவே இருந்தது. அதை நாங்கள் கண்டெடுத்தது பத்தாம் நாள். ஆனாலும் அவர் கண்கள் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. காரணம் கீழ்வீட்டு அக்கா. நாங்கள் எல்லாரும் அழுதுகொண்டிருந்தபோது அவர்தான் என் தோளைத் தொட்டு, "கண்ணு குடுக்கணும்னு அண்ணன் சொல்லிட்டே இருப்பாரேம்மா, போன் பண்ணட்டுமா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அதற்குப் பிறகு என் சித்தி மகனுக்கு ஒரு கண்ணில் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. கொடுத்த வீட்டிலும் இருந்திருக்கிறேன், பெற்ற வீட்டிலும் இருந்திருக்கிறேன். இரண்டு வீட்டுக்கும் யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் உதவியிருக்கும் என்று எனக்குத் தோன்றியவற்றை இங்கே எழுதுகிறேன். சென்னையில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது.

இன்றைக்கே செய்ய வேண்டியது

முதல் வேலை, போன் செய்யப் போகும் ஆளைத் தேர்ந்தெடுப்பது. அட்டை எழுதுவது அதற்கு அடுத்ததுதான். சாவு வீட்டில் மனைவியோ மகளோ மகனோ போனை எடுத்து நிதானமாக முகவரி சொல்லும் நிலையில் இருக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர், மருமகன், நெருங்கிய நண்பர் என்று அந்த நேரத்திலும் காலூன்றி நிற்கக்கூடிய ஒருவரைப் பாருங்கள். அவரிடம் வெளிப்படையாகவே சொல்லுங்கள்: "எனக்கு ஏதாவது ஆனால் கண் வங்கிக்குப் போன் பண்ண வேண்டியது உன் பொறுப்பு."

அவர் போனில் இரண்டு கண் வங்கிகளின் எண்களைப் பதிந்து வைக்கச் சொல்லுங்கள். ஒன்று போதாது. எங்களுக்கு முதலில் அழைத்த இடத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. இரண்டாவது எண்ணில்தான் ஆள் கிடைத்தார். எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரியிலும், நுங்கம்பாக்கம் சங்கர நேத்ராலயாவின் சி.யு.ஷா கண் வங்கியிலும் தானம் பெறுகிறார்கள். நகரத்தில் வேறு கண் வங்கிகளும் உண்டு. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சென்னைப் போக்குவரத்தில் தூரமும் நேரத்தைத் தின்னும். எண் எதுவும் கைவசம் இல்லாமல் போனால், தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள்.

அடுத்தது உறுதிமொழி அட்டை. ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை தேசியக் கண்தான இருவாரம். அப்போது கல்லூரிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் முகாம் போட்டு அட்டை தருவார்கள். அதுவரை காத்திருக்க வேண்டாம், எந்த நாளிலும் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் அட்டை ஒருவருடைய விருப்பத்தைக் காட்டுமே தவிர, இறந்த பிறகு கையெழுத்துப் போட வேண்டியது குடும்பம்தான். அட்டை இருந்தும் குடும்பம் மறுத்துவிட்டால் கண் வங்கிக்காரர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். அட்டையே எழுதாதவர் என்றாலும் குடும்பம் சம்மதித்தால் கண்களை எடுத்துக்கொள்வார்கள். அதனால் அட்டையைப் பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். சாப்பாட்டு நேரத்தில், எல்லாரும் இருக்கும்போது, வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் யார் குரல் உயர்ந்ததோ அவர் காதில் விழும்படி சொல்லுங்கள். அன்றைக்கு மறுப்புச் சொல்லப்போவது பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார்.

எந்தக் கண்ணை எடுப்பார்கள்

என் அப்பா ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் வெல்டராக வேலை பார்த்தவர். முப்பது வருடம் நெருப்புப் பொறியைப் பார்த்த கண். சர்க்கரை இருந்தது. ஒரு கண்ணில் புரை நீக்கி லென்ஸ் வைத்திருந்தார்கள். "இந்தக் கண்ணை யார் எடுத்துக்குவாங்க?" என்று அவரே சந்தேகப்பட்டிருக்கிறார். இந்த மூன்றில் எதுவுமே தடையாக இல்லை.

காரணம் இது. கண்தானத்தில் அடுத்தவருக்குப் பொருத்துவது முழுக் கண்ணை அல்ல. கண்ணின் முன்பக்கம் கைக்கடிகாரத்தின் கண்ணாடி போல மூடியிருக்கும் மெல்லிய படலத்தை மட்டும்தான். குறுக்களவு 11, 12 மில்லிமீட்டர் இருக்கும். நடுவில் கனம் சுமார் அரை மில்லிமீட்டர். பேச்சில் அதைக் கருவிழி என்கிறோம், ஆனால் அதற்கு நிறமே கிடையாது. நாம் பார்க்கும் கறுப்பும் பழுப்பும் அதற்குப் பின்னால் இருக்கும் திரையின் நிறம். அந்தத் திரையை யாருக்கும் மாற்றிப் பொருத்துவதில்லை. ஆகவே கண் பெற்றவரின் கண் நிறம் மாறாது. "அம்மாவோட கண்ணு மாதிரியே இருக்குமா?" என்று கேட்பவர்களுக்கு இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். அந்தக் கேள்விக்குள் ஒரு பெரிய ஏக்கம் இருக்கிறது.

கருவிழிக்குள் ரத்தக் குழாய் கிடையாது. தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பங்கை நேரே காற்றிலிருந்து கண்ணீர் வழியாக எடுத்துக்கொள்கிறது. சிறுநீரகத்துக்குப் பார்ப்பது போல ரத்த வகைப் பொருத்தம் பார்த்து இதற்குக் காத்திருக்கத் தேவையில்லாததற்கு அதுவே முக்கியக் காரணம். கண்ணாடி அணிந்தவர், ரத்த அழுத்தக்காரர், ஆஸ்துமா உள்ளவர், எண்பது வயதைத் தாண்டியவர் என எல்லாரும் கொடுக்கலாம். பார்வை நரம்பு கெட்டுப் பார்வையே இல்லாமல் இருந்தவர்கூட, கருவிழி தெளிவாக இருந்தால் கொடுக்கலாம். லேசர் சிகிச்சை செய்து கண்ணாடியைக் கழற்றியவர்களின் கருவிழியில் பின் அடுக்கு பயன்படலாம்.

எடுக்க முடியாதவை: எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, வெறிநாய்க்கடி நோய், உடல் முழுக்கப் பரவிய ரத்தத் தொற்று, மூளைக்காய்ச்சல், ரத்தப் புற்றுநோய், காரணமே தெரியாத மரணம். இதையெல்லாம் நீங்களே முடிவு செய்து "வேண்டாம் விடு" என்று இருந்துவிடாதீர்கள். என்ன நோய், என்ன மருந்து என்று போனில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். தகுதியைத் தீர்மானிப்பது அவர்கள் வேலை.

அந்த ஆறு மணி நேரம்

உயிர் பிரிந்து 6 மணி நேரத்துக்குள் கருவிழியை எடுத்துவிட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கருவிழியின் உட்புறம் ஒரே அடுக்காக உயிரணுக்கள் இருக்கின்றன. கருவிழிக்குள் ஊறும் நீரை ஓயாமல் இறைத்து வெளியே தள்ளி, அதைக் கண்ணாடி போல வைத்திருப்பவை அவைதான். இறந்த பிறகு அவை மெல்ல மெல்ல மடியத் தொடங்கும். ஒருமுறை அழிந்தால் திரும்ப முளைக்காது. அந்த அடுக்கைக் காப்பாற்றத்தான் இந்த ஓட்டம்.

உயிர் பிரிந்தது உறுதியானதும் போன் செய்பவர் செய்யட்டும். அதே நேரத்தில் வீட்டில் இருக்கும் இன்னொருவர் சில காரியங்களைப் பார்க்க வேண்டும். இமைகளை மெதுவாக மூடுங்கள். சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சை மூடிய இமைகளின் மேல் வையுங்கள், காய்ந்தால் மாற்றுங்கள். தலைக்கு அடியில் ஒரு தலையணை வைத்து ஓர் அரை அடி உயர்த்துங்கள்; ரத்தம் கண்ணில் வந்து தேங்காமல் இருக்கும். மின்விசிறியை நிறுத்துங்கள், அதன் காற்று கருவிழியை உலர்த்திவிடும். தலைமாட்டில் விளக்கு ஏற்றும் வீடுகளில் எப்படியும் அதை நிறுத்திவிடுவோம். ஏசி இருந்தால் போடலாம். ஐஸ் பாக்ஸ் வந்துவிட்டால் அதில் வைப்பதிலும் தவறில்லை, ஆனால் எத்தனை மணிக்கு வைத்தீர்கள் என்பதைக் கண் வங்கிக்குச் சொல்லுங்கள். ஆறு மணி நேரம் தாண்டப்போகிறது என்று தெரிந்தாலும் போன் செய்யுங்கள். வரலாமா வேண்டாமா என்று அவர்கள் சொல்வார்கள்.

போனில் சொல்ல வேண்டியவை: இறந்தவர் பெயர், வயது, இறந்த நேரம், காரணம், முகவரி, பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஓர் அடையாளம், திரும்ப அழைக்க ஓர் எண். தெருமுனையில் ஒரு பையனை நிறுத்தி வையுங்கள். எங்கள் தெருவுக்கு அந்த இருட்டில் வண்டி வந்தபோது கீழ்வீட்டு அக்காவின் மகன்தான் முனையில் நின்று அழைத்து வந்தான். அவன் நிற்காவிட்டால் இன்னும் கால் மணி நேரம் சுற்றியிருப்பார்கள்.

இறப்பை உறுதி செய்யும் டாக்டர் சான்று கையில் இருக்க வேண்டும். மயானத்துக்கும் எப்படியும் அது வேண்டும். வீட்டில் இறந்தால், வழக்கமாகப் பார்க்கும் டாக்டரை அழைத்து உடனே எழுதி வாங்குங்கள். எங்களுக்குத் தாமதமானது இந்த இடத்தில்தான். தெரிந்த டாக்டர் ஊரில் இல்லை. இரண்டு கிளினிக் கதவைத் தட்டிய பிறகே ஒருவர் வந்தார்.

ஆஸ்பத்திரியில் இறந்தால், வார்டிலிருந்து பிணவறைக்குக் கொண்டுபோவதற்கு முன்பே பணியில் இருக்கும் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே ஆலோசகர்கள் இருப்பார்கள். உங்களிடம் வந்து மென்மையாகக் கேட்பார்கள். இந்த நேரத்தில் இப்படிக் கேட்கிறார்களே என்று கோபம் வருவது இயற்கை, ஆனால் அவர்கள் கேட்காவிட்டால் பல வீடுகளுக்கு அந்த நினைவே வராது. விபத்து, தற்கொலை போன்ற போலீஸ் வழக்கு என்றால், பிரேதப் பரிசோதனை செய்யும் டாக்டரும் விசாரிக்கும் காவல் அதிகாரியும் சம்மதிக்க வேண்டும். கேட்டுப் பாருங்கள். வழக்கு என்பதாலேயே கண்தானம் முடியாது என்று ஆகிவிடாது.

வருபவர் டாக்டராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பயிற்சி பெற்ற தொழில்நுட்பர் கருவிழியை எடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. "டாக்டர் வரலையா?" என்று வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். நெருங்கிய உறவினர் ஒருவர் கையெழுத்துப் போடுவார், இரண்டு பேர் சாட்சி. பிறகு 20, 30 நிமிடம் அவர்களுக்குத் தனியிடம் வேண்டும். ஓர் அறை இருந்தால் போதும். ஒற்றை அறை வீடு என்றால் இரண்டு வேட்டிகளைக் கட்டித் திரை போடுங்கள். கொஞ்சம் ரத்தமும் எடுப்பார்கள். தொற்று நோய் இருக்கிறதா என்று பரிசோதிக்க அது தேவை.

முடிந்ததும் முகம் எப்படி இருக்கும் என்பதுதான் எல்லாருடைய பயமும். எனக்கும் இருந்தது. சில நேரம் கருவிழியை மட்டும் எடுப்பார்கள், சில நேரம் முழுக் கண்ணையும் எடுத்துப்போய் அங்கே கருவிழியைப் பிரிப்பார்கள். எப்படி எடுத்தாலும் கண் மூடித் தூங்கும் முகம்தான். குழி விழாமல் உள்ளே பிளாஸ்டிக் மூடியோ பஞ்சோ வைத்து இமையை மூடிவிடுவார்கள். அப்பாவுக்கு மாலை போட்டு, நெற்றியில் திருநீறு பூசி, காசு வைத்து, வந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். நாங்கள் சொல்லித்தான் தெரிந்தது பலருக்கு. எப்போதாவது இமையோரம் லேசாக ரத்தம் கசியலாம். பயப்படாமல் பஞ்சால் ஒற்றிவிட்டு, அவர்கள் தந்த எண்ணுக்குச் சொல்லுங்கள்.

இதற்கு உங்களிடம் ஒரு பைசா வாங்க மாட்டார்கள், தரவும் மாட்டார்கள். மனித உறுப்பையும் திசுவையும் விற்பதும் வாங்குவதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

பெரியவர்கள் மறுத்தால்

எங்கள் வீட்டில் மறுத்தது அத்தை. அப்பாவுக்கு அக்கா, அடுத்த தெருவில் இருப்பவர், அப்பாவைத் தூக்கி வளர்த்தவர். "கண்ணில்லாம எப்படிடி போவான் என் தம்பி? அடுத்த ஜென்மத்துல குருடனாப் பொறப்பானே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த இடத்தில் வாதாடாதீர்கள். கண்ணப்பர் கதையும் வேண்டாம், விஞ்ஞானமும் வேண்டாம். அழுபவரிடம் பேசி ஜெயிக்க முடியாது. ஜெயித்தாலும் அந்தக் காயம் வருடக்கணக்கில் இருக்கும். கீழ்வீட்டு அக்கா செய்தது இதுதான்: அத்தையைத் தனியாக அழைத்துப்போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, அப்பா இதைப் பற்றி எப்போது, எங்கே உட்கார்ந்து, என்ன வார்த்தையில் சொன்னார் என்பதை மட்டும் சொன்னார். மொட்டை மாடியில் வடாம் காயவைக்கும்போது சொன்னாராம். தம்பியின் வார்த்தை என்று தெரிந்ததும் அத்தை பேசாமல் உட்கார்ந்துவிட்டார். சம்மதம் என்று சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை. இறந்தவர் வாய்விட்டுச் சொன்ன ஒரு வாக்கியம் இருந்தால் அந்த ஒன்றே போதுமானதாக இருக்கிறது. அதனால்தான் சாப்பாட்டு நேரத்தில் சொல்லுங்கள் என்றேன்.

"இதெல்லாம் புதுப் பழக்கம்" என்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். எழும்பூர் கண் ஆஸ்பத்திரி 1819இல் தொடங்கியது. இந்தியாவின் முதல் கண் வங்கி 1945இல் அமைந்ததும் அங்கேதான். நம் தாத்தா பாட்டி காலத்திலிருந்து இந்த ஊரில் நடக்கிற காரியம் இது.

அப்படியும் குடும்பத்துக்குள் ஒப்புதல் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். கண் கொடுக்காத வீட்டைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த யாருக்கும் உரிமை கிடையாது.

காரியம் முடிந்த பிறகு

கூட்டம் கலைந்த பிறகுதான் மனது பேசத் தொடங்கும். கொடுத்த குடும்பங்களுக்கு வரும் எண்ணங்களில் சிலவற்றை முன்பே சொல்லிவைக்கிறேன்.

யாருக்குப் போனது என்று தெரிந்துகொள்ள வேண்டும் போல இருக்கும். சொல்ல மாட்டார்கள். இரண்டு பக்கத்துக்கும் நல்லதுதான் அது. கண் பெற்றவர் வாழ்நாள் முழுக்க ஒரு குடும்பத்துக்குக் கடன்பட்டவராக வந்து நிற்க வேண்டியதில்லை. நீங்களும் அவர் அதைச் சரியாகப் பார்த்துக்கொள்கிறாரா என்று கவலைப்பட வேண்டியதில்லை. ஆனாலும் மனது கேட்காது. 29சி பஸ்ஸில் போகும்போது எதிர் சீட்டில் இருப்பவரின் கண்ணைப் பார்ப்பது எனக்குச் சில மாதங்கள் பழக்கமாகவே இருந்தது. அதில் துக்கமும் இருந்தது, ஒருவித நிம்மதியும் இருந்தது. உங்களுக்கும் அப்படி இருந்தால் அதில் கோளாறு எதுவும் இல்லை.

கண்கள் பயன்பட்டனவா என்று மட்டும் கேட்கலாம். கேட்பதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: எடுக்கப்படும் கருவிழிகள் எல்லாமே பொருத்தப்படுவதில்லை. கண் வங்கியில் நுண்ணோக்கியில் வைத்து, நான் மேலே சொன்ன அந்த உள் அடுக்கு உயிரணுக்களை எண்ணுவார்கள். பார்வைக்காகப் பொருத்த, பொதுவாக ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 2000க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று பார்க்கிறார்கள். ரத்தப் பரிசோதனையும் தேற வேண்டும். தேறியதைப் பதப்படுத்தும் திரவத்தில் வைத்துக் குளிரில் பாதுகாப்பார்கள். திரவத்தைப் பொறுத்து 4 நாள் முதல் 14 நாள் வரை தாங்கும். தேறாதவை ஆராய்ச்சிக்கும் டாக்டர்களின் பயிற்சிக்கும் போகும்.

அப்பாவின் கண்களில் ஒன்றுதான் அறுவை சிகிச்சைக்குப் போனது. மற்றது பயிற்சிக்கு. அதைக் கேட்டபோது எனக்கு வலித்தது, ஏதோ அப்பாவையே திருப்பி அனுப்பிவிட்டது போல. அத்தையிடம் ஒரு வருடம் சொல்லவேயில்லை. திதியன்று சொன்னேன். அத்தை அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொஞ்ச நேரம் இலையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "படிக்கிற புள்ளைங்களுக்குத்தானே போச்சு" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு திதிக்கும் "அந்தக் கண்ணு நல்லா இருக்குமா?" என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரிந்தது, சித்தி மகன் வீட்டில் இருந்தபோதுதான்.

கண் பெறப்போகிறவருக்கு

முதலில் ஒரு தெளிவு. கருவிழி மாற்று எல்லாப் பார்வைக் குறைவுக்கும் மருந்தல்ல. விழித்திரை, பார்வை நரம்பு, கண் அழுத்த நோய், சர்க்கரையால் வந்த விழித்திரைப் பாதிப்பு ஆகியவற்றுக்கு இது உதவாது. கருவிழி வெளுத்துப் போனவர்கள், புண்ணாகித் தழும்பு விழுந்தவர்கள், கூம்பு போலப் பிதுங்கியவர்கள், நீர் கோத்து வீங்கியவர்கள் ஆகியோருக்குத்தான் இது. கதிர் அடிக்கும்போது நெல் தூசு பட்டு, பூஞ்சைத் தொற்றில் கருவிழி வெந்துபோய் வருபவர்கள் நம் பக்கத்தில் நிறைய.

சித்தி மகன் அயனாவரத்தில் பைக் மெக்கானிக். அவனுக்குக் கருவிழி கூம்பாகப் பிதுங்கும் நோய். பதினெட்டு வயதிலிருந்து கண்ணாடி பவர் மாறிக்கொண்டே இருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பான். கசக்குவது அந்த நோயை மோசமாக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் பிள்ளைகள் ஓயாமல் கண் கசக்கினால் கண் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒரே மாதிரி அறுவை சிகிச்சை எல்லாருக்கும் கிடையாது. முழுக் கனத்தையும் மாற்றுவது உண்டு. முன் அடுக்குகளை மட்டும் மாற்றி, பின் அடுக்கைச் சொந்தமாகவே விட்டுவைப்பது உண்டு. சித்தி மகனுக்குச் செய்தது அது. பின் அடுக்கை மட்டும் மாற்றி, காற்றுக் குமிழியால் ஒட்டவைப்பதும் உண்டு. குமிழி வைத்தவர்கள் மல்லாந்து, கூரையைப் பார்த்தபடி படுத்திருக்க வேண்டும். அலட்சியம் செய்தால் படலம் நழுவிவிடும். உங்களுக்கு எந்த வகை என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். அதற்கேற்ப பிற்பாடு பார்த்துக்கொள்வதும் மாறும்.

பெயரைப் பதிந்த பிறகு போனை அணைக்காதீர்கள். தானம் கிடைத்த நாளில்தான் அழைப்பு வரும், ராத்திரியாகவும் இருக்கலாம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்கட்டும். கண்ணீர்ப்பையில் சீழ் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்வார்கள், இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். அழைப்பு வந்தால் கிளம்ப ஒரு பையைத் தயாராக வைத்திருங்கள். கேஸ் தாள், காப்பீட்டு அட்டை, சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல் எல்லாம் அதிலேயே இருக்கட்டும். அரசு கண் ஆஸ்பத்திரியில் செலவில்லாமல் செய்துகொள்ளலாம். தனியாரிடம் அறுவை சிகிச்சைக்கும், கருவிழியைப் பதப்படுத்திப் பரிசோதித்ததற்கும் கட்டணம் இருக்கும். அது கருவிழியின் விலை அல்ல. கருவிழியை வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் நேரே ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் சொல்லுங்கள்.

கட்டுப் பிரித்த பிறகு

அன்றே எல்லாம் பளிச்சென்று தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். சித்தி மகனுக்கு முதல் நாள் புகைக்குள் பார்ப்பது போலத்தான் இருந்தது. சித்தி அழுதுவிட்டார். பின் அடுக்கை மட்டும் மாற்றியவர்களுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ பார்வை தெளியும். தையல் போட்டவர்களுக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். தலைமுடியைவிட மெல்லிய நைலான் நூலில், பெரும்பாலும் 16 தையல் இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிப்பார்கள். அதற்குப் பிறகும் கண்ணாடியோ கான்டாக்ட் லென்ஸோ வேண்டியிருக்கும். இது தோல்வி அல்ல, நடைமுறை.

சொட்டு மருந்துதான் அந்தக் கருவிழியின் உயிர். அவன் வீட்டில் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டினோம்: காலை 7, 9, 11 என்று மணி போட்டு, போட்டதும் டிக். சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே புட்டியைத் தொட வேண்டும். பால் போல இருக்கும் மருந்தைக் குலுக்க வேண்டும். இரண்டு மருந்துக்கு நடுவே ஐந்து, பத்து நிமிட இடைவெளி. புட்டி முனை கண்ணில் படக் கூடாது. ஸ்டீராய்டு சொட்டு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் போகும். நன்றாகத் தெரிகிறதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தியதால் கருவிழியை இழந்தவர்கள் உண்டு. அதே ஸ்டீராய்டு கண் அழுத்தத்தைக் கூட்டும், புரையும் வரவைக்கும். அதனால் வலி இல்லாவிட்டாலும் சொன்ன தேதியில் போய் அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டாக்டர் சொல்லும்வரை தலைக்குக் குளிக்க வேண்டாம், ஈரத்துணியால் முகம் துடைத்தால் போதும். தூங்கும்போது கண் கவசம். அடுப்புப் புகை, பட்டறைத் தூசு, குனிந்து கனம் தூக்குவது வேண்டாம். சித்தி மகன் மூன்று மாதம் பட்டறைக்குப் போகவில்லை. இந்த வருமான இழப்பைக் குடும்பம் முன்கூட்டியே கணக்கில் வைக்க வேண்டும். அறுவை சிகிச்சைச் செலவைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு யாரும் இதைப் பேசுவதில்லை. திரும்பப் போனபோது பாதுகாப்புக் கண்ணாடி போட்டுத்தான் வேலை செய்தான், இன்றும் அப்படித்தான். முழுக் கனம் மாற்றியவர்களுக்கு வருடங்கள் கழிந்தும் பலமான அடி பட்டால் தையல் போட்ட இடம் திறந்துகொள்ளலாம். தீபாவளி வெடி, தெருக் கிரிக்கெட் பந்து, சிறு குழந்தையின் கை என்று எல்லாவற்றிலும் கவனம் தேவை.

உடல் அந்தக் கருவிழியை அந்நியமாகக் கண்டு எதிர்க்கத் தொடங்கினால் நான்கு அறிகுறிகள் தெரியும்: சிவப்பு, வெளிச்சத்தில் கூச்சம், மங்கல், வலி. நான்கும் சேர்ந்து வர வேண்டியதில்லை, ஒன்று போதும். முதல் வருடத்தில் மட்டும்தான் என்றும் இல்லை, பத்தாவது வருடத்திலும் வரலாம். சீக்கிரம் போனால் பெரும்பாலும் மருந்திலேயே அடக்கிவிடலாம். தாமதித்தால் கருவிழி வெளுத்துவிடும். அப்படி வெளுத்தால் திரும்ப மாற்றலாம்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் வாய்ப்புக் குறையும்.

சென்னையில் இதில் ஒரு தனி ஆபத்து உண்டு. கண் சிவந்தால் "மெட்ராஸ் ஐ தான், மூணு நாள்ல போயிடும்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிடுவார்கள், மருந்துக் கடையில் ஏதோ ஒரு சொட்டும் கொடுத்துவிடுவார்கள். மாற்றுக் கருவிழி உள்ளவருக்குச் சிவந்த கண் எதுவுமே மெட்ராஸ் ஐ அல்ல, டாக்டர் பார்த்து அப்படிச் சொல்லும்வரை. தூசி விழுந்தது போல உறுத்தினாலும் அப்படித்தான். தையல் தளர்ந்து நூல் முனை குத்தினால் அப்படியே இருக்கும். அதன் வழியாகத் தொற்று உள்ளே போகும்.

சித்தி ஒரு பழக்கம் ஏற்படுத்தினார். தினமும் காலையில் நாள்காட்டித் தாளைக் கிழித்ததும், மகனை அதே இடத்தில் நிற்கவைத்து, நல்ல கண்ணைப் பொத்தி, தேதிக்குக் கீழே இருக்கும் நட்சத்திரத்தைப் படிக்கச் சொல்வார். நேற்று படித்த எழுத்தளவு இன்று படிக்க முடியவில்லை என்றால் மங்கல் தொடங்கிவிட்டது என்று பொருள். மூன்றாம் வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை அவனால் நட்சத்திரத்தைப் படிக்க முடியவில்லை. கண் சிவக்கவே இல்லை. அன்றே கிளம்பினார்கள். சொட்டு மருந்தைக் கூட்டி, பத்து நாளில் திரும்பப் படித்தான்.

அத்தைக்கு இப்போது நான் சொல்லும் பதில் அதுதான்: யாரோ ஒருவர் வீட்டில் தினமும் அதற்கு மணி பார்த்து மருந்து விடுகிறார்கள் அத்தை.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கண் இருந்தால், படிக்க முடியாத அந்த நாளில் காத்திருக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை என்றாலும், இரவு பதினொரு மணி என்றாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். டிஸ்சார்ஜ் தாளையும், போட்டுக்கொண்டிருக்கும் சொட்டு மருந்துப் புட்டிகளையும் அதே பையில் எடுத்துக்கொள்ளுங்கள்.